அணைக்கும் கரமா? பிணைக்கும் கயிறா?



காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுச்செட்டிச்சத்திரத்தை அடுத்து அமைந்துள்ள ஊர் திருப்புட்குழி. பட்டு நெசவு நடைபெறும் வட்டாரம் அது. நம் இல்லத்து நிக்காஹ்களுக்காகக் காஞ்சிபுரத்துக்குச் சென்று நாம் எடுத்துவரும் புடவைகள் இத்தகைய ஊர்களின் தறிகளில் உருவானவையே. நெசவறிந்த பெரியவர் ஒருவரிடம் ஒரு புடவையைக் காட்டி, “இது அசல் சரிகைதானா?” என்று கேட்டுப் பாருங்கள். பளபளப்பை வைத்து அவர் விடை கூறமாட்டார். சரிகை இழையை மெல்லச் சுரண்டிப் பார்ப்பார். வெள்ளியும் பொன்முலாமும் விலகிய இடத்தில் சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அது அசல். போலிச் சரிகையும் மின்னத்தான் செய்கிறது. சில வேளைகளில் அசலைக் காட்டிலும் கூடுதலாகவே மின்னுகிறது.

அன்புக்கும் அப்படியொரு சோதனை உண்டு. புடவைக்கு அதனைச் செய்யத் தெரிந்த நாம், நம் பிள்ளைகளின் வாழ்க்கைக்குச் செய்யக் கற்றுக்கொடுத்திருக்கிறோமா? இதனை நாம் ஒவ்வொருவரும் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

வெள்ளமாய் வரும் அன்பு

கணவன் மனைவியரிடையே நேசத்தையும் கருணையையும் ஏற்படுத்தியிருப்பதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறையில் எடுத்துரைக்கிறான். ஆகவே அன்பு மிகுந்திருப்பதே குற்றம் என்று யாரும் கூறிவிட இயலாது. மணம் பேசி முடிக்கப்பட்ட இளைஞன் தன் வருங்காலத் துணைவியைப் பற்றி ஆசையோடு நினைப்பதும், வளைகுடா நாட்டில் உழைக்கும் கணவர் நாள்தோறும் இல்லத்தை அழைத்துப் பேசுவதும் இயல்பானவை, இனிமையானவை.

நாம் எச்சரிக்க விரும்புவது வேறொன்றைப் பற்றி. கல்லூரியில் பயிலும் ஓர் இளம்பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். கைப்பேசி வழியே ஒருவன் அறிமுகமாகிறான். அவளைப் போன்ற ஒருத்தியைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று முதல் வாரத்திலேயே கூறுகிறான். இரண்டாம் வாரத்தில் விலையுயர்ந்த பரிசு வருகிறது. மூன்றாம் வாரத்தில் திருமணம், குடியிருக்கப் போகும் வீடு, பிறக்கப்போகும் குழந்தையின் பெயர் வரை எல்லாம் பேசி முடிந்துவிடுகின்றன. கண்விழிக்கும் முன்பே ஒரு செய்தி. உண்ணும் நேரத்தில் ஒன்று. உறங்கும்வரை ஓயாத அழைப்புகள். சொந்த வீட்டில் ஒரு பாராட்டுச் சொல்லையும் கேட்டறியாத பெண்ணுக்கு இது வறண்ட நிலத்தில் பெய்த மழையாகத் தோன்றாமல் வேறெப்படித் தோன்றும்?

பின்னர் மழையின் போக்கு மாறுகிறது. “அந்தத் தோழி உனக்கு ஏற்றவள் அல்லள்” என்கிறான். “உன் வீட்டார் உன்னைப் புரிந்துகொள்ளவில்லை, நான் மட்டுமே புரிந்துகொண்டேன்” என்கிறான். கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்கிறான். மறுத்தால், “என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்று கண்கலங்குகிறான். பதில் அனுப்ப அரைமணி நேரம் தாமதித்தால் இரண்டு நாட்கள் பேசாமலிருந்து தண்டிக்கிறான். அவள் அழுது மன்றாடிய பிறகு அன்பு மழை மீண்டும் பொழிகிறது. அவளும், “நான்தான் தவறு செய்தேன்” என்று நம்பத் தொடங்கிவிடுகிறாள்.

இது கல்லூரிப் பெண்ணுக்கு மட்டும் நேர்வதில்லை. மணம் பேசி முடித்த இடத்திலும், மணமான இல்லத்திலும் நேர்கிறது. ஆண்களும் இதற்கு இரையாகிறார்கள். திருமணத் தகவல் இணையதளங்களில் வெளிநாட்டு மருத்துவர் என்றும் பொறியாளர் என்றும் அறிமுகமாகி, சில வாரங்கள் உருகி உருகிப் பேசி, பிறகு “உனக்கு அனுப்பிய பரிசுப் பொதி விமான நிலையச் சுங்கத்தில் நிற்கிறது, கட்டணம் செலுத்து” என்று பணம் பறிக்கும் கும்பல்கள் ஆண், பெண் இருபாலாரையும் ஏமாற்றி வருகின்றன. கேட்கும் பொருள் வேறாயினும், வழி ஒன்றுதான்.

அறிஞர்கள் கண்ட உண்மை

இவ்வழிக்கு ஆங்கிலத்தில் ‘லவ் பாம்பிங்’ என்று பெயர். அன்பையே குண்டுமழையாகப் பொழிதல் என்று பொருள் கொள்ளலாம். இச்சொல் காதலர்களைப் பற்றிப் பிறந்ததன்று என்பது பலருக்கு வியப்பளிக்கும். கொரியாவைச் சேர்ந்த சன் மியுங் மூன் என்பவர் தோற்றுவித்த மத இயக்கம் 1970களில் அமெரிக்க இளைஞர்களைத் தன்பால் ஈர்த்துவந்தது. புதிதாக வருவோரை அனைவரும் சூழ்ந்துகொண்டு புகழ்ந்து, அணைத்து, ஒரு கணமும் தனித்திருக்க விடாமல் பாசம் காட்டும் முறை அங்கே கையாளப்பட்டது. அச்சூழலில்தான் இச்சொல் வழக்கத்துக்கு வந்தது. இத்தகைய இயக்கங்களை ஆராய்ந்த அமெரிக்க உளவியலறிஞர் மார்கரெட் சிங்கர் 1995ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் இம்முறையை விளக்கியுள்ளார். பின்னாளில் தனிமனித உறவுகளிலும் இதே போக்கைக் கண்டவர்கள் அப்பெயரையே இதற்கும் சூட்டினர்.

கணவரின் கொடுமைக்கு ஆளான பெண்களை ஆராய்ந்து, லெனோர் வாக்கர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1979இல் ஒரு நூல் வெளியிட்டார். கொடுமை ஒரு சுழற்சியாக வருகிறது என்று அவர் காட்டினார். முதலில் வீட்டில் இறுக்கம் கூடுகிறது. அடுத்து அது வெடிக்கிறது. அதன்பின் மன்னிப்பும் கண்ணீரும் பரிசும் நிறைந்த இனிய காலம் வருகிறது. அந்த இனிய காலமே அப்பெண்ணை அவ்வீட்டில் நிறுத்திவைத்து, அடுத்த சுற்றுக்கு வழிவகுக்கிறது.

அறிவுள்ள பெண்ணும் ஏன் விலகி வருவதில்லை என்று கேட்போர் பலர். ஸ்கின்னர் என்னும் அறிஞர் புறாக்களைக் கொண்டு நடத்திய சோதனைகளில் இதற்கு ஒரு குறிப்பு கிடைக்கிறது. ஒவ்வொரு முறை கொத்தும்போதும் தானியம் பெற்றுப் பழகிய புறா, தானியம் நின்றுவிட்டால் விரைவில் கொத்துவதை நிறுத்திவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடையிடையே மட்டும் தானியம் பெற்ற புறாவோ, தானியம் நின்ற பின்னும் நெடுநேரம் கொத்திக்கொண்டேயிருக்கும். ஒருநாள் அன்பும் மறுநாள் புறக்கணிப்புமாக வைக்கப்படும் மனித உள்ளமும் அவ்வாறே காத்துக்கிடக்கிறது. அது அவளுடைய அறிவின்மை என்று பழிப்பது நியாயமாகாது.

மதீனத்து வீதியில் ஒரு பாடம்

அன்பைச் சோதித்தறியும் வழிக்கு நாம் தொலைதூரம் செல்லத் தேவையில்லை. ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்வோம்.

பரீரா (ரலி) அவர்கள் அடிமையாக இருந்து, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களால் விடுதலை பெற்றவர். அவருடைய கணவர் முகீஸ் (ரலி) அப்போதும் அடிமையாகவே இருந்தார். விடுதலை பெற்றதும், அம்மணவாழ்வில் நீடிப்பதா விலகுவதா என்று முடிவு செய்யும் உரிமை பரீராவுக்குக் கிடைத்தது. அவர் விலகிவிட முடிவு செய்தார். முகீஸால் அதனைத் தாங்கிக்கொள்ள இயலவில்லை. கண்ணீர் தாடியில் வழிந்தோட, மதீனத்து வீதிகளில் அவர் பின்னாலேயே அழுதுகொண்டு திரிந்தார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அக்காட்சியைக் கண்டு உள்ளம் இரங்கினார்கள். முகீஸை மீண்டும் ஏற்றுக்கொள்ளலாமே என்று பரீராவிடம் எடுத்துக் கூறினார்கள். அது தங்களின் கட்டளையா என்று பரீரா கேட்டார். கட்டளையன்று, பரிந்துரை மட்டுமே என்று நபியவர்கள் பதிலளித்தார்கள். அப்படியாயின் அவர் தமக்குத் தேவையில்லை என்று பரீரா உறுதியாகக் கூறிவிட்டார். அந்த முடிவு மதிக்கப்பட்டது.

வாசகர்களே, இதனைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். முகீஸ் (ரலி) அவர்கள் வஞ்சகர் அல்லர். அவருடைய கண்ணீர் உண்மைக் கண்ணீர். பரிந்து பேசியவர்களோ அல்லாஹ்வின் தூதர். அப்படியிருந்தும் அந்தக் கண்ணீர் ஒரு பெண்ணின் மீது கடனாக ஏற்றப்படவில்லை. உண்மையான கண்ணீருக்கே இந்நிலை என்றால், கையை அறுத்துக்கொள்வேன் என்றும், தூக்கமாத்திரை விழுங்குவேன் என்றும் அச்சுறுத்தி அழும் கண்ணீருக்கு நம் பெண்மக்கள் ஏன் பணிய வேண்டும்?

சுரண்டிப் பார்க்கும் வழி

சரிகையைச் சுரண்டுவது போல, அன்பைச் சோதிக்க உதவும் சொற்கள் இரண்டு. ஒன்று “வேண்டாம்”, மற்றொன்று “பொறுங்கள்.” அன்பு எவ்வளவு இனிக்கிறது என்று பார்ப்பதால் பயனில்லை. இச்சொற்களைக் கேட்டதும் அது என்னவாகிறது என்று பாருங்கள்.

முதலாவதாக, அவகாசம் கேட்டுப் பாருங்கள். “என் வீட்டாரிடம் பேசிவிட்டு ஒரு மாதத்தில் சொல்கிறேன்” என்றால், உண்மை அன்புடையவர் வருந்தக்கூடும், ஆனால் காத்திருப்பார். வஞ்சக அன்புக்கோ அவசரமே உயிர். சிந்திக்க இடம் கொடுத்தால் அதன் சாயம் வெளுத்துவிடும்.

இரண்டாவதாக, சிறியதொன்றை மறுத்துப் பாருங்கள். ஒரு புகைப்படம், ஒரு சந்திப்பு, ஒரு கடவுச்சொல். மறுத்தவுடன் கோபமோ, அழுகையோ, நாட்கணக்கான மௌனமோ தண்டனையாக வருமாயின், இதுவரை வந்தது அன்பன்று, முன்பணம் என்று அறிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவதாக, உறவுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். அவர் வந்தபின் உங்கள் தோழியர், உடன்பிறந்தோர், உறவினர் ஆகியோருடனான பேச்சு வளர்ந்திருக்கிறதா, குறைந்திருக்கிறதா? நல்ல துணை உங்கள் உலகத்துக்குள் தானும் ஒருவராக வருவார். கட்டுப்படுத்த விரும்புபவர் அவ்வுலகைக் காலி செய்துவிட்டு அங்கே தனித்து அமர்வார்.

நான்காவதாக, பரிசுகளின் பின்கதையைக் கவனியுங்கள். “உனக்காக எவ்வளவு செய்தேன்!” என்னும் சொல் எழும்போதே அப்பரிசு கடனாக மாறிவிடுகிறது. தர்மம் செய்துவிட்டுச் சொல்லிக்காட்டிப் புண்படுத்துவது அத்தர்மத்தையே பாழாக்கிவிடும் என்று திருமறை எச்சரிக்கிறது. மனைவிக்குப் பொற்குவியலையே மஹராகக் கொடுத்திருந்தாலும், அதிலிருந்து எதனையும் திரும்பப் பறித்துக்கொள்ளக் கூடாது என்று சூரத்துந் நிஸாவில் கட்டளை உள்ளது. கொடுத்ததைக் காட்டி ஒரு மனிதரை அடிமைகொள்ள மார்க்கத்தில் இடமில்லை.

இவற்றுள் ஏதோ ஒன்று ஒருமுறை நிகழ்ந்தது என்பதற்காக எவரையும் வஞ்சகர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கோபமும் தவிப்பும் எல்லா மனிதருக்கும் உரியவை. மீண்டும் மீண்டும், ஒரே ஒழுங்கில், உங்கள் மறுப்புக்கு விலையாக இவை நிகழ்கின்றனவா என்பதையே பார்க்க வேண்டும்.

பொள்ளாச்சி கற்பித்தது

அன்பின் பெயரால் விரிக்கப்படும் வலை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதைத் தமிழகம் 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் கண்டது. பொள்ளாச்சியில் ஒரு கும்பல், பெண்களிடம் சமூக ஊடகங்கள் வழியே நட்பும் காதலும் காட்டிப் பழகி, தனியிடங்களுக்கு அழைத்துச் சென்று கொடுமைப்படுத்தி, அதனைப் படம்பிடித்து மிரட்டி வந்தது. ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்த பின்னரே அக்கொடுமை வெளியுலகுக்குத் தெரிந்தது. வழக்கு பின்னர் சி.பி.ஐ. வசம் சென்றது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. நாகர்கோவிலில் காதல் வேடமிட்டுப் பல பெண்களை ஏமாற்றி மிரட்டிய இளைஞன் ஒருவன் 2020இல் கைது செய்யப்பட்டு, 2023இல் சாகும்வரை சிறைத் தண்டனை பெற்றான்.

இவ்விரு வழக்குகளிலும் குற்றவாளிகள் நீண்டகாலம் தப்பித் திரிந்ததற்குக் காரணம் என்ன? பாதிக்கப்பட்ட பெண் தன் வீட்டாரிடம் வாய்திறக்க மாட்டாள் என்ற நம்பிக்கை. “வீட்டுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார்கள்” என்ற அவளது அச்சமே அவர்கள் கையில் ஆயுதமாயிற்று. அன்பு முதல் வலை. மானம் இரண்டாம் வலை. முதல் வலையை அவர்கள் பின்னினார்கள். இரண்டாம் வலைக்கு நூல் கொடுத்தது யார் என்பதைப் பெற்றோராகிய நாம் நெஞ்சில் கைவைத்துச் சிந்திக்க வேண்டும்.

இல்லத்தாரின் கடமை

திருப்புட்குழி என்னும் பெயரில் ‘புள்’ என்பது பறவையைக் குறிக்கும். வேடமிட்டு வந்தவன் ஒரு பெண்ணை வஞ்சித்துக் கொண்டுசெல்லும்போது தடுத்து நின்று உயிர்நீத்த ஜடாயு என்னும் பறவைக்கு இறுதிக்கடன் செய்யப்பட்ட இடம் அது என்பது அவ்வூர் இந்து சகோதரர்களின் நம்பிக்கை. ஆபத்தில் சிக்கியவளைப் பார்த்து, “நீ ஏன் ஏமாந்தாய்?” என்று அந்தப் பறவை விசாரணை நடத்தவில்லை, முதலில் குறுக்கே பாய்ந்தது. நம் உறவினர்களும் அண்டை வீட்டாரும் கற்றுக்கொள்ள வேண்டிய பண்பு இது.

மகளோ மகனோ ஓர் உறவில் சிக்கிக்கொண்டதாகத் தெரிந்தால், முதல் சொல் திட்டாக இருக்கலாகாது. “என்ன நடந்திருந்தாலும் நாங்கள் உன்னோடு இருக்கிறோம்” என்பதே முதல் சொல்லாக வேண்டும். கைப்பேசியைப் பறிப்பதும், படிப்பை நிறுத்துவதும், அவசர அவசரமாக வேறொரு மாப்பிள்ளையைத் தேடுவதும் பிள்ளையை அந்த வஞ்சகனின் பக்கமே தள்ளிவிடும். “உன்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை” என்ற அவன் சொல்லை நாமே மெய்ப்பித்தவர்களாவோம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் கூறவேண்டியுள்ளது. “பத்து மாதம் சுமந்தேன், இவ்வளவு செலவழித்தேன், என் பேச்சை மறுக்கிறாயா?” என்று நாமே பாசத்தைக் கடனாக்கிப் பிள்ளைகளை வளர்த்தால், வெளியே ஒருவன் அதே முறையில் பேசும்போது அதனை அவர்கள் அன்பு என்றே எண்ணுவார்கள். தம் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை செய்துவைத்த மணத்தைக் குறித்து முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் அந்தத் திருமணத்தை நபியவர்கள் (ஸல்) செல்லாததாக்கினார்கள் என்பதும் புகாரியில் உள்ள செய்தியே. “வேண்டாம்” என்று சொல்லும் உரிமையை வீட்டில் பெறாத பெண், வெளியில் அதனை எப்படிப் பயன்படுத்துவாள்?

மணம் பேசி முடித்தபின் மாப்பிள்ளை வீட்டார் வரம்பு மீறி நெருங்கினாலும், “எவ்வளவு ஆசையாக இருக்கிறார்கள்!” என்று மகிழ்ந்துவிடாமல் நிதானிக்க வேண்டும். அவர் பணிபுரியும் இடம், முன்பு மணம் நடந்திருந்தால் அது முடிந்த விதம் ஆகியவற்றை அவருடைய மஹல்லா ஜமாஅத்திலும் விசாரித்தறிய வேண்டும். விசாரிப்பதை இழிவாகக் கருதிச் சினப்பவர் ஐயத்துக்குரியவர்.

சட்டம் தரும் துணை

நாட்டின் சட்டம் இவ்விஷயத்தில் கைவிட்டுவிடவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் உரியது. அடி உதை மட்டுமின்றி, சொல்லாலும் மனத்தாலும் பணத்தாலும் இழைக்கப்படும் கொடுமையும் அதில் வன்முறையே. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், நிறைவேற்றும் எண்ணமின்றித் திருமண வாக்குறுதி தந்து பெண்ணை உடலுறவுக்கு உட்படுத்துவது பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். விரும்பாத பெண்ணைப் பின்தொடர்வதும், அவளது இணையத் தொடர்புகளைக் கண்காணிப்பதும் குற்றங்களே. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதும் தண்டனைக்குரியது. “பெயர் கெட்டுவிடும்” என்று அஞ்சிப் புகாரைத் தவிர்ப்போர் இதனை அறிந்திருப்பது நல்லது.

மகளிர் உதவிக்கு 181, சிறார் உதவிக்கு 1098, இணையவழிப் பணமோசடிக்கு 1930, இலவசச் சட்ட உதவிக்கு 15100 ஆகிய எண்களை அழைக்கலாம். மிரட்டல் வந்தால் செய்திகளையும் படங்களையும் அழித்துவிடாமல் பாதுகாத்து வையுங்கள், அவையே சான்று. பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பார்கள்.

அன்புச் சகோதரிகளே! உங்களை நேசிப்பதாகக் கூறுபவரின் அருகில் உங்களுக்கு அச்சமின்றி மூச்சுவிட முடிகிறதா? மறுத்துப் பேச முடிகிறதா? உங்கள் அத்தாவிடமும் அம்மாவிடமும் அவரைப் பற்றி ஒளிவின்றிச் சொல்ல முடிகிறதா? முடியவில்லையென்றால், எத்தனை இனிய சொற்கள் வந்தாலும் ஓரடி பின்வாங்கி நில்லுங்கள். பெற்றோரே! அவ்வாறு பின்வாங்கும் பிள்ளை திரும்பி வருவதற்கு இல்லத்தின் கதவு திறந்திருக்கட்டும். இன்றிரவு உணவுக்குப் பின் உங்கள் மக்களோடு அமர்ந்து பரீரா (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொல்லுங்கள். அவர்களுக்குச் சொல்ல ஏதேனும் இருக்கக்கூடும்; குறுக்கிடாமல் கேளுங்கள்.

நம் இல்லங்களில் நேசத்தையும் கருணையையும் அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.